தலாத்தோ நிஜமாகக் கேட்டது

எங்கள் ஊரில் ஆட்டக்காரி என்றால் கல்யாண வீட்டில் இடுப்பை வெட்டி ஆடி நெற்றியில் நோட்டு ஒட்டவைத்துக்கொள்பவள். தலாத்தோ நிக்கியெமா அந்த வகை இல்லை. அவள் ஆடியது சமகால நடனம். "அது எந்தக் காலம்டா?" என்று கூங்கின் பேட்டை சோளக்கள்ளுக் கடையில் ஒருவன் கேட்பான். "ஆடறவளுக்கும் தெரியாது, பாக்கறவனுக்கும் புரியாது, அந்தக் காலம்" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வரும். எங்கள் தலைநகர் வாகடூகுவில் அவளைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாகிவிட்டது. நான் அவளுக்கு வாழ்நாளெல்லாம் மேடை விளக்குப் போட்டவன். பெயர் நூஃபூ. பேச உரிமை இருந்தும் இதுவரை வாயைத் திறக்காதவன் நான் ஒருவன்தான். இப்போது திறக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் அம்மா, பிஸ்ஸி என்ற இடத்துக் கருங்கல் குழியில் கல் சுமந்தவள். குழிக்குள் பழைய டயரைக் கொளுத்திப் பாறையைச் சூடேற்றி உடைப்பார்கள். உடைந்ததைத் தட்டில் அள்ளித் தலையில் வைத்துப் பெண்கள் கரையேற்றுவார்கள். அந்தக் கரும்புகையில் இருமிக்கொண்டே வளர்ந்த பெண் தலாத்தோ. சுமப்பதற்குப் பதில் ஆடப் போனாள். முதலில் வரவேற்பு ஆட்டக் கோஷ்டி. யாராவது ஒரு நாட்டுத் தலைவர் விமானத்திலிருந்து இறங்கினால் கொளுத்தும் வெயிலில் நின்று குதிக்கிற கோஷ்டி அது. அங்கே குதித்துக்கொண்டிருந்தவளைத்தான் நடனம் அமைக்கிற ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் மறந்துட்டு வா" என்றாராம். இவளும் மறந்துவிட்டு அவர் கோஷ்டிக்குப் போனாள்.

அந்த வருஷங்களில்தான் நானும் அவளோடு விளக்குக்காரனாக ஊர் ஊராகச் சுற்றினேன். பனி கொட்டும் ஊரில்கூட அவளை வெறுங்காலோடுதான் ஆடவிடுவார்கள். ஆப்பிரிக்கக் கால் காலுறை போட்டால் கலை கெட்டுவிடும் போல. மறுநாள் பத்திரிகைக்காரன் 'மண்ணின் வாசனை' என்று எழுதுவான். டயர்ப் புகையில் வளர்ந்தவளிடம் என்ன மண், என்ன வாசனை? நாங்கள் இரண்டு பேரும் விடுதி அறையில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தபடி அதைப் படித்துச் சிரிப்போம். பிறகு ஒரு நாள் சிரிப்பு நின்றது. தலையிலிருந்து சுமையை இறக்கியபின் கழுத்து மெல்ல மெல்ல நிமிரும் ஓர் அசைவை அவள் ஒத்திகையில் கண்டுபிடித்திருந்தாள். அடுத்த பருவத்தில் அதே அசைவை வேறொரு பெண் ஆடினாள். லியோன் நகரத்துப் பெண். வாழ்க்கையில் கைப்பையைத் தவிர எதையும் சுமந்திராதவள். தலாத்தோ போய்க் கேட்டாள். "அசைவு யாருக்கும் சொந்தமில்லை, கண்ணே" என்றார் அந்தப் பிரெஞ்சுக்காரர். சுவரொட்டியில் அவர் பெயர் மட்டும் அவருக்குச் சொந்தமாக, முழ அளவு எழுத்தில் இருந்தது.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். அந்தக் கழுத்து அசைவிலிருந்தே தனக்கென்று ஒரு தனி ஆட்டம் செய்தாள். பெயர் 'கரையேற்றம்'. குழிக்குள்ளிருந்து ஒரு பெண் சுமையோடு மேலே வருகிறாள், அவ்வளவுதான் கதை. தலையில் சுமை கிடையாது, ஆனால் பார்க்கிறவனுக்குத் தன் கழுத்து வலிக்கும். விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வலித்தது. தாக்காரிலும் பிரஸ்ஸல்ஸிலும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊரில் ஒரே ஒரு முறை, பிரெஞ்சுக்காரர்களின் கலாசார மையத்தில், குளிர்சாதன அரங்கில் ஆடினாள். பார்த்தவர்களில் பாதிப் பேர் தூதரகத்தவர்கள். அம்மாவை நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தேன். கிழவி கடைசி வரை அசையாமல் பார்த்தாள். வெளியே வந்து மகளிடம் கேட்டாள்: "ஏண்டி, இதுக்கா காசு குடுக்கறாங்க? நான் நிஜக் கல்ல சுமந்தப்ப ஒரு நாயும் கை தட்டலியே."

தலாத்தோ அதைக் கேட்டுச் சிரித்தாள். எனக்குத் தெரியும், அது உள்ளே இறங்கிவிட்டது. குழிக்காரிகள் முன்னால், குழிக்கரையில் இந்த ஆட்டம் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவளைப் பிடித்தது. பிடித்தது விடவேயில்லை. அம்மா செத்த பிறகும் விடவில்லை. உள்ளூரில் விலைபோகாத மாடு வெளியூரில் விலைபோகாது என்பார்கள். இவள் வெளியூரிலெல்லாம் விலைபோய் உள்ளூரில் முளைக்குச்சியில் கட்டிக்கிடந்தாள்.

பிறகு இடுப்பு மூட்டு தேய்ந்தது. ஆடுவதை நிறுத்திவிட்டு, கூங்கின்னில் வேப்ப மரமும் சிமெண்ட் தளமும் உள்ள ஒரு முற்றத்தை வாடகைக்கு எடுத்துப் பள்ளி நடத்தினாள். அந்தப் பாடத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். டீச்சர் ஆடிக் காட்ட மாட்டாள். முற்றத்தில் கண்ணாடி கிடையாது. ஒரு முக்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். காதுதான் வேலை செய்யும்.

"சந்தைக்குப் போ. ஒரு ஆள் நடக்கறதப் பாரு. அவனுக்கு எங்க வலிக்குதுன்னு கண்டுபிடி. அந்த வலி ஒனக்கு இருந்தா நீ எப்பிடி நடப்பியோ, அப்பிடி நட. அவன மாதிரி நடந்து காட்டினா, அப்பிடியே வீட்டுக்கு நடந்துரு" என்பாள்.

அவள் பழைய வீடியோவைப் பார்த்து அவளைப் போல ஆடிய பையனை அன்றே துரத்திவிட்டாள். "கொரங்கு வேணும்னா காட்டுல கெடைக்கும்" என்றாள். அதை அவளுடைய பெரிய கொள்கை என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நான் சொல்கிறேன், அதில் கொள்கை பாதி, பயம் பாதி. சூடு கண்ட பூனை அவள். தன் உடம்பில் இருந்ததை ஒருவன் எடுத்துப் போனதிலிருந்து, இன்னொருவர் உடம்பில் தன் அசைவைப் பார்த்தாலே அவளுக்குப் பொறுக்காது.

அங்கே வந்து சேர்ந்தவள்தான் பிபியான் தோயே. சாமோ இனத்துக்காரி. தலாத்தோவும் நானும் மோசி இனம். மோசிக்கும் சாமோவுக்கும் உள்ள உறவு என்னவென்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கண்டவுடன் திட்ட வேண்டும். இவன் அவனை அடிமை என்பான், அவன் இவனை அடிமை என்பான். நாய்த்தலைக் கறிக்கு அடித்துக்கொண்ட ஜாதி என்று சாமோவை நாங்கள் சொல்வோம். கழுதை என்று எங்களை அவர்கள் சொல்வார்கள். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் அந்த நிமிஷமே தோற்றான், ஊர் சிரிக்கும். பாட்டன் காலத்து ஏற்பாடு இது. இதனால்தான் நாங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறோம் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. "ஏ அடிமை, ஒன் எஜமானி வந்திருக்கேன், நாற்காலி எங்க?" என்று முற்றத்துக்குள் நுழைந்தாள் பிபியான். தலாத்தோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாய்த்தலை இன்னும் வேகல, அதுக்குள்ள ஏன் வந்தே?" என்றாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் அவளை நீங்கள் என்பார்கள், பிபியான் நீ என்பாள்.

"பிபியான், ஒன் இடது குதிகால் பொய் சொல்லுது."

"என் குதிகால்தான் பொய் சொல்லுது. ஒன் ஜாதியே சொல்லுது."

எங்கள் பக்கம் இருந்த முதுகு சிரிப்பில் குலுங்கும். பெற்ற பிள்ளை இல்லாதவளுக்கு அந்த வசவு எத்தனை தித்திப்பாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். பிபியான் நன்றாகவும் ஆடினாள். மற்றவர்கள் வலியை நடித்தார்கள், இவளுக்கு வலித்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நடன விழாவை நடத்துகிறவர்கள் வந்தார்கள். அரங்கத்தை விட்டு வெளியே, மக்கள் நடுவில் நிகழ்ச்சி நடத்த வேண்டுமாம். பிஸ்ஸி குழிக்கரையில் மேடை போடலாம், 'கரையேற்றம்' வேண்டும் என்றார்கள். தலாத்தோ வாழ்க்கை முழுக்கக் காத்திருந்தது வாசலில் வந்து நிற்கிறது. இடுப்போ, நாற்காலியிலிருந்து எழவே தடி கேட்கிறது. "நீங்களே ஆட வேண்டியதில்லை, உங்கள் மாணவி யாராவது ஆடட்டும்" என்றார்கள். யோசித்துச் சொல்வதாகத் தலாத்தோ அவர்களை அனுப்பிவைத்தாள். யாரையும் தன்னைப் போல ஆடவிடாதவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

கேட்டாள். மத்தியானம், எல்லோரும் வேப்ப மரத்தடியில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அரிசியும் காராமணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தலாத்தோ கையைத் தட்டிலிருந்து எடுத்தாள்.

"பிபியான், என் ஆட்டத்த நீ ஆடு."

பிபியான் வாய் நிறையச் சோற்றோடு அவளைப் பார்த்தாள். "எது, கெழட்டுக் கழுத நொண்டிக்கிட்டே மேட்டுல ஏறுமே, அதா?"

தட்டைச் சுற்றி ஒரே சிரிப்பு.

"அதேதான். குழிக்கரையில. எனக்குப் பதிலா."

"எஜமானி அடிமைக்குப் பதிலா கல்லு சொமக்கணுமா? காலம் கெட்டுப் போச்சு. எத்தன நாய்த்தலை தருவே, மொதல்ல அதச் சொல்லு."

"நெசமாத்தான் கேக்கறேன்."

"மோசிக்காரி நெசம் பேசினா மழ பெய்யுமாம். நூஃபூ அண்ணே, துணி ஏதாவது வெளிய காயுதா, எடுத்துருங்க!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தலாத்தோவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? சாமோக்காரியின் கேலிக்கு முகம் சுளித்த மோசி என்று பேர் வாங்குவாளா? தட்டில் கையை வைத்து மறுபடி சாப்பிட்டாள். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள எங்களுக்குத் தொட்டில் பருவத்திலிருந்தே பழக்கம். நிஜத்தை நிஜமாக எடுத்துக்கொள்ள யார் பழக்கினார்கள்?

இரண்டு நாள் கழித்து விழாக்காரர்களிடம் "நானே ஆடறேன்" என்று சொல்லிவிட்டாள். நான் சண்டை போட்டேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா? பிபியான ஆடச் சொல்லு."

"கேட்டாச்சு."

"எப்பக் கேட்ட?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தச் சோற்றுத் தட்டு நினைவுக்கு வந்தது. "அது… வெளையாட்டுன்னுல்ல நெனச்சோம்! நான் போய்ச் சொல்றேன் அவகிட்ட."

"நீ சொல்லி அவ ஆடுவா, எனக்காக இல்ல, பாவம்னு. நான் பிச்சையா எடுக்கறேன்? வெளக்கு மட்டும் போடு, போதும்."

அவள் சொன்னதைக் கேட்காமல் மறுநாளே பிபியான் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியூரில், கொதோகுவில், பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள், போன் அணைந்து கிடந்தது. விழா நாளன்றுதான் புழுதியும் சிரிப்புமாக வந்து இறங்கினாள். அதற்குள் தலாத்தோ மேடைக்குப் பின்னால் வலி ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், இனிச் சொல்லி என்ன என்று நானும் பிபியானிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரம். குழியிலிருந்து டயர்ப் புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. கல் சுமந்து முடித்த பெண்கள் தட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் விருந்தினர்கள். தலாத்தோ தடியில்லாமல் வந்தாள். முதல் பாதியை எப்படி ஆடினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், அதை நான் பார்த்தேன். ஒருத்தி தன் பிடரியைத் தடவிக்கொண்டாள். இத்தனை வருஷம் காத்திருந்தது வந்தேவிட்டது என்று நினைத்தேன். மேட்டில் ஏறும் இடத்தில் இடுப்பு கைவிட்டது. அடித்துப்போட்டதுபோல விழுந்தாள்.

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தில் விழுவதும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். சமகால நடனம் இல்லையா, எதுவும் இருக்கும். குழிக்காரிகளுக்குத்தான் தெரிந்தது. சுமையோடு விழுகிற பெண்ணை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். மேடையில் ஏறி, கைத்தட்டலுக்கு நடுவே அவளைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் பிபியான் வந்தாள். கதவிலேயே ஆரம்பித்தாள். "வேல செய்யாம படுத்துக்கெடக்க அடிமைக்கு யாரு அனுமதி குடுத்தது? எந்திரி, எந்திரி!"

தலாத்தோ பதிலுக்குத் திட்டவில்லை. அவளை எனக்குத் தெரிந்த காலத்தில் சாமோவின் வசவு பதில் இல்லாமல் கிடந்தது அன்றைக்குத்தான். பிபியானின் கையைப் பிடித்து, "அன்னிக்கு நெசமாத்தான் கேட்டேன், பிபியான்" என்றாள்.

பிபியான் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"எனக்கு முழுசும் தெரியுமேக்கா" என்றாள். அவள் அக்கா என்று அழைத்தது அதுவே முதல் தடவை. "நீங்க மத்தியானத்துல சாமான் ரூம்ல தடிய ஊனிக்கிட்டு தனியா ஆடிப் பாப்பீங்கள்ல, கதவிடுக்கு வழியா பாத்தே கத்துக்கிட்டேன். ஒவ்வொரு அசைவும் தெரியும். தெரிஞ்சா கொரங்குன்னு தொரத்திருவீங்கன்னுதான் வாயே தெறக்கல. நெசம்னு தெரிஞ்சிருந்தா ஆடியிருப்பேனே."

"திருடி" என்றாள் தலாத்தோ. அதைக் கேலியாகச் சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா, எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அந்த வாரமே ரத்தம் கட்டிச் செத்துப்போனாள்.

அறுபதைத் தாண்டியவள். எங்களிடம் அது சிரித்து அனுப்புகிற வயது. மோசி வீட்டுச் சாவுக்குச் சாமோக்கள் வருவார்கள், வராவிட்டால்தான் அவமானம். அவர்கள் அழ மாட்டார்கள். பிணத்தை மறிப்பார்கள், "எங்க அடிமைய எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்பார்கள், செத்தவரின் துணியை உடுத்திக்கொண்டு அவரைப் போலவே நடந்து பேசி அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பார்கள். சில்லறையோ கள்ளோ கொடுத்தால்தான் வழி விடுவார்கள். தலாத்தோவின் துணியை உடுத்திக்கொண்டு பிபியான் வந்தாள். தடியை ஊன்றி நொண்டினாள். முக்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, "எவடி அங்க குதிகால்ல பொய் சொல்றவ?" என்றாள். அதே குரல். முற்றம் அதிர்ந்தது. குழிக்காரிகள், கள்ளுக்கடைக்காரர்கள், மாணவர்கள் எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். என் நெஞ்சுகூட லேசாயிற்று, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அவள் தடியைக் கீழே போட்டாள். 'கரையேற்றம்' ஆடத் தொடங்கினாள். ஓர் அசைவு பிசகவில்லை. தலாத்தோ இளமையில் ஆடியதைப் பார்த்த கண் எனக்கு மட்டும்தான் அங்கே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவளே வந்து ஆடினாள். பிபியானின் கன்னம் நனைந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. சாவு வீட்டில் சாமோ என்ன செய்தாலும் சிரிக்க வேண்டும், அதுதானே மரியாதை. "பாரு பாரு, அழற மாதிரியே பண்றா!" என்று ஒருவன் தொடையைத் தட்டினான். அன்று மேடைக்கு முன்னால் பேச்சை நிறுத்திய அதே குழிக்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். நான் எழுந்து, "சிரிக்காதீங்கடா, அவ நெசமா ஆடறா" என்று கத்தினேன். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். மோசி ஒருவன் கோபப்பட்டுவிட்டான், அதைவிட வேடிக்கை வேறென்ன?

கடைசி வரைக்கும் ஆடிவிட்டு அவள் வந்து என் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"ஒருத்தராவது சிரிப்ப நிறுத்துவாங்கன்னு பாத்துப் பாத்து ஆடினேன் அண்ணே" என்றாள்.

கல் சுமக்கும் கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்தபடி வந்து அவள் மடியில் சில்லறையைப் போட்டாள். "வயித்த வலிக்குதுடி சாமோ. இந்தா, வாங்கிக்க, இப்பவாவது வழிய விடு" என்றாள். பிபியான் சில்லறையை எடுத்து முடிந்துகொண்டாள். வாங்கினால் வழி விட வேண்டும். எழுந்து ஒதுங்கி நின்றாள், தலாத்தோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.